சத்தியத்தை மீறிய நிலம்

திருவொற்றியூரில் சத்தியம் செய்துவிட்டு ஊரைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று சுந்தரரைக் கேளுங்கள். சங்கிலி நாச்சியாரைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால், "உன்னைப் பிரியேன்" என்று சந்நிதியில் சத்தியம் செய்தாக வேண்டும். "அந்த நேரம் மட்டும் நீங்கள் மகிழமரத்தடியில் போய் இருங்கள்" என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொண்டார் மனுஷன். சிவனும் தலையை ஆட்டிவிட்டு, "சத்தியத்தை மகிழமரத்தடியில் வாங்கிக்கொள்" என்று பெண்ணிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். மாட்டிக்கொண்ட சுந்தரர் வேறு வழியில்லாமல் சத்தியம் செய்தார். அப்புறம் திருவாரூர் ஞாபகம் வந்து எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது.

இதே குற்றத்தை இந்த ஊர் நிற்கும் நிலமே அவருக்கு முன்னால் செய்திருக்கிறது. மேலே கிடக்கும் மணலைச் சொல்லவில்லை, அடிப்பாறையைச் சொல்கிறேன். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நமக்குக் கிழக்கே கடல் கிடையாது. அண்டார்டிகாதான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் முன்னால் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா எல்லாம் சேர்ந்து ராயபுரத்து ஒண்டுக்குடித்தனம் மாதிரி ஒரே வளாகத்தில் வாழ்ந்த காலம். கோண்ட்வானா என்று பெயர். காசிமேட்டிலிருந்து கிழக்கே எத்தனை நாள் நடந்தாலும் ஒரு மத்தி கிடைத்திருக்காது.

சாட்சி வேண்டுமா? பல்லாவரத்துக் கருங்கல். அங்கிருந்து போன கல்லில்தான் கல்கத்தாவில் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குச் சமாதி வைத்தார்கள். 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தச் சமாதிக் கல்லை ஆராய்ந்து 'சார்னோக்கைட்' என்று பெயர் சூட்டினார். கல் கொடுத்தது பல்லாவரம், பெயர் செத்தவருக்கு. சுமார் 250 கோடி ஆண்டு வயதான இந்தப் பாறையின் உறவுக்காரக் கல், கடலைத் தாண்டி கிழக்கு அண்டார்டிகாவிலும் பனிக்கு நடுவே தலைகாட்டுகிறது.

பிரிந்தது எப்படி? அடியில் கொதித்த பூமி மேலே விரிசல் விட்டது. விரிசலில் எரிமலைக் குழம்பு ஏறி, ஆறி, புதுக் கடற்தரையாக இறுகியது. மறுபடி விரிசல், மறுபடி குழம்பு. இப்படி நடுவில் தரை வளர வளர, இரண்டு பக்கமும் விலகின. இந்தியா வடக்கே புறப்பட்டது. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கரையும் கழற்றிவிட்டது. 6.6 கோடி ஆண்டு வாக்கில் தக்காணத்தில் எரிமலைக் குழம்பைக் கொட்டிக்கொண்டே, ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடியது. கண்டங்களின் கணக்கில் இது ஓவர் ஸ்பீடு. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவில் போய் முட்டியது. சுந்தரருக்குக் கண் போயிற்று. இந்தியாவுக்கு மூக்கு நசுங்கியது. அந்த நசுங்கலில் எழுந்ததுதான் இமயமலை, கயிலாயம் எல்லாம். சிவன் ஏன் இந்த நிலத்தைப் பெரிதாகத் தண்டிக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? வீடு கட்டிக்கொடுத்தவன் மேல் யார் கேஸ் போடுவார்கள்?

கண்டங்கள் நகரும் என்பதை மனிதர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. 1912-ல் ஆல்ஃபிரட் வெகனர் சொன்னபோது, "வானிலைக்காரனுக்குப் பாறையைப் பற்றி என்ன தெரியும்?" என்ற பாணியில் கேலி செய்தார்கள். 1952-ல் மேரி தார்ப் அட்லாண்டிக் தரையின் நடுவே நீளமான பிளவு ஓடுவதை வரைந்து காட்டினார். கூட வேலை பார்த்த புரூஸ் ஹீசன், "பொம்பளைப் பேச்சு" என்று ஒதுக்கினார். பிளவு இருந்தது, ஹீசன்தான் இறங்கி வந்தார்.

நம் பங்குக்கு நாமும் சும்மா இல்லை. மடகாஸ்கரில் இருக்கும் லெமூருக்கு உறவான தேவாங்கு இந்தியாவில் எப்படி என்று குழம்பிய பிலிப் ஸ்கிளேட்டர், 1864-ல் கடலுக்குள் ஒரு நிலத்தைப் போட்டு லெமூரியா என்றார். கண்டங்களே நகர்ந்தன என்று தெரிந்ததும் அறிவியல் அந்த நிலத்தைக் கைவிட்டது. நாம் விடுவோமா? தேவாங்குக்காகப் போட்ட இடத்துக்குக் குமரிக்கண்டம் என்று பட்டா வாங்கி, இன்னும் வரி கட்டாமல் வைத்திருக்கிறோம்.

நிலம் இன்னும் நிற்கவில்லை. ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்கிறது. சுமத்ரா பக்கம் அதன் விளிம்பு அடுத்த தட்டுக்கு அடியில் நுழைகிறது. 2004 டிசம்பர் 26 காலை அங்கே சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு நழுவியது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் கடல் எங்கள் குப்பங்களுக்குள் இருந்தது. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் திருவொற்றியூர்க் கரை தேய்ந்ததற்குக் கண்டத்தின் மேல் பழி போடாதீர்கள். அது துறைமுகத்தின் கைங்கரியம். இந்தக் கடலோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகும். 1876-ல் வெள்ளைக்காரன் கடலுக்குள் கற்சுவர் நீட்டத் தொடங்கினான். 1881 புயல் அதை உடைத்தது. அடங்காமல் மறுபடி கட்டினான். மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. ராயபுரம் முதல் இந்தப் பக்கம் வரை மணல் வராமல் கடல் அரித்தது. கண்டத்துக்குக் கோடி ஆண்டுகள் பிடிக்கும் வேலையை மராமத்து இலாகா நூறே ஆண்டில் முடித்துவிட்டது. இப்போது கல்லைக் கொட்டிக் கரையைக் காக்கிறோம்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக்காரர்களே, மெரினாவைப் பற்றித் தாராளமாகப் பெருமை பேசுங்கள். அந்த மணலில் ஒரு பங்கு எங்கள் ஊருக்கு வரவேண்டியது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.