கால வழுவமைதி: ஓர் ஐஸ் பெட்டியை முன்வைத்து

இன்னும் செருப்பைக்கூட மாட்டாதவன் 'இதோ வந்துட்டேன்' என்று குரல் கொடுத்தால் அது கால வழு. விரைவு கருதிச் சொன்னதால் பொறுத்துக்கொள்ளப்படும். ஆகவே கால வழுவமைதி. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த இந்த விதியை நம்பி அமெரிக்காவில் ஒரு சங்கமே நடக்கிறது. 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்' என்பது அதன் பெயர். 'ஆக்கபூர்வக் காலப்பிறழ்வுக் கழகம்' என்று எவரேனும் மொழிபெயர்த்துக் கெடுப்பதற்குள், 'கால வழுவமைதிச் சங்கம்' என்பதே தக்க பெயர் என்று இங்கே பதிந்துவைக்கிறேன்.

சங்கத்தின் தோற்றம் கலிபோர்னியாவின் பெர்க்லியில், 1966 மே 1 அன்று, டயானா பாக்சன் என்பவரின் வீட்டுக் கொல்லைப்புறத்தில். நண்பர்கள் பழங்கால உடையில் கூடிச் சண்டையிட்டு, விருந்துண்டு கலைந்தார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பூங்காவில் அனுமதி கேட்டபோது படிவத்தில் எழுத ஒரு பெயர் தேவைப்பட்டது. எழுத்தாளர் மேரியன் ஜிம்மர் பிராட்லி சொன்ன பெயர்தான் நிலைத்தது. சங்கம் இன்று 20 ராஜ்ஜியங்களாகப் பிரிந்திருக்கிறது. கொல்லம் ஆண்டுபோல் தனி ஆண்டுக் கணக்கும் உண்டு. அந்த மே முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள்.

என் கள ஆய்வு பென்சில்வேனியாவில் இச்சங்கத்தின் முகாம் ஒன்றில் இரண்டு இரவு நடந்தது. அழைத்துப்போனவன் அக்கா மகன். விதி எளியது: 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உடை அணிய ஒரு முயற்சியாவது செய்திருக்க வேண்டும். எந்த நாட்டவராக வேண்டுமானாலும் வரலாம். வெறுங்கையோடு வரும் புதியவருக்கு இரவல் உடை தர 'கோல்ட் கீ' என்று ஒரு பிரிவே உண்டு. நான் எட்டு முழ வேட்டியோடு இறங்கினேன். சுற்றிலும் மாதக்கணக்கில் கையால் தைத்த லினன் அங்கிகள். ஒருவர் தையலை இன்னொருவர் குனிந்து சோதிக்கிறார். தையலே இல்லாத உடையில் குற்றம் காண ஒருவராலும் முடியவில்லை.

இனிக் கோட்பாடு. முகாமில் 12ஆம் நூற்றாண்டு நிலைமொழி. 21ஆம் நூற்றாண்டு வருமொழி. இரண்டும் புணரும்போது நன்னூலார் வகுத்த தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் பிசகாமல் நிகழ்கின்றன. நைலான் கூடாரத்தின்மேல் திடீரென ஒரு சிங்கக்கொடி பறந்தால் தோன்றல். காரை 'டிராகன்' என்றால் திரிதல். கைப்பேசிக்கு அவர்கள் 'தூரத்தில் பேசுவது' என்று பொருள்படும் ஒரு சொல்லை யோசித்து உண்டாக்கியிருக்கிறார்கள். நம் அரசாணைகளில் 'தொலைபேசி' நெடுங்காலமாகவே இருப்பதை நான் சொல்லவில்லை, மனம் நோகும். பிளாஸ்டிக் கழிப்பறை மட்டும் எந்த மாற்றமும் இன்றி நிற்கிறது. அது இயல்பு புணர்ச்சி.

திரிதலுக்குத் தலையாய சான்று வாள். இரும்பு வாள் பிரம்பாகத் திரிகிறது, வெள்ளி நிற டேப் சுற்றிய பிரம்பாக. ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத தடிமன் வேண்டும். மற்ற மரம்போல் கூராகப் பிளந்து கண்ணைக் குத்தாது, நார்நாராகப் பிரியும் என்பதால் பிரம்பு. அடி பட்டதா இல்லையா என்பதை அடிவாங்கியவரே சொல்ல வேண்டும். காலில் பட்டால் மண்டியிட்டுச் சண்டையைத் தொடர வேண்டும். அரசர்களும் இப்படிப் போட்டியில் வென்றே முடிசூடுகிறார்கள். பெரும்பாலும் ஆறு மாத ஆட்சி. பிரம்புக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொடர்பை எங்கள் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் அறிவார், ஆனால் அவர் எங்களிடம் பட்டதா என்று கேட்டதில்லை.

இதே மாநிலத்தில் 1972 முதல் நடக்கும் 'பென்சிக்' என்ற பெரிய முகாமுக்கு இரண்டு வாரத்தில் பத்தாயிரம் பேருக்குமேல் வருவதுண்டு. அங்கே கிழக்கு ராஜ்ஜியமும் நடு ராஜ்ஜியமும் மோதும். தோற்றவர் தலையில் பிட்ஸ்பர்க் நகரம் கட்டப்படும் என்பது ஐதீகம். வேங்கடாசலபதி கோயில் கொண்டிருக்கும் ஊரைத் தண்டனையாக எண்ணும் இவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உணவில் என் நிலை பரிதாபம். எந்தக் காலத்து ஆள் என்று கேட்டவர்களிடம் சோழர் காலத்துத் தமிழன் என்று பெருமையாகப் பதில் சொல்லிவிட்டேன். அதன்பின் மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. மூன்றும் 1492க்குப் பிறகு கடல் கடந்தவை. காலையில் காப்பிக் கோப்பையோடு பிடிபட்டேன். 15ஆம் நூற்றாண்டிலேயே ஏமன் நாட்டுச் சூஃபிகள் காப்பி குடித்தார்கள் என்று வாதாடினேன். 'அப்படியானால் நீங்கள் ஏமன்காரர்' என்றார்கள். ஒப்புக்கொண்டேன். காப்பிக்காக நாட்டையும் நாலு நூற்றாண்டையும் விட்டுக்கொடுத்த முதல் சோழன் நான்.

கட்டுரையின் மையப்பொருள் ஐஸ் பெட்டி. நீல உடல், வெள்ளை மூடி, இரண்டு சக்கரம். எல்லாக் கூடாரத்திலும் இருக்கிறது. எந்தக் கூடாரத்திலும் தென்படுவதில்லை. காரணம், மேலே போர்த்திய துணி. இதுவே கெடுதல் விகாரம். பெட்டி கெட்டு, மோர் குளிர்ந்து நிற்கும்.

"மாமா, பெட்டிய மூடிடுங்க, எல்லாரும் பாக்கிறாங்க" என்று அக்கா மகன் கிசுகிசுத்தான். அவசரத்தில் கையில் கிடைத்தது அவன் குழந்தையின் போர்வை. அதில் பச்சை டைனோசர்கள். 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதா என்பதுதானே கேள்வி? டைனோசர் ஆறரைக் கோடி ஆண்டு முந்தியது. விதிக்கு முற்றிலும் உட்பட்டது. இந்த வாதத்தை அடுத்த கூடாரத்து 14ஆம் நூற்றாண்டுச் சீமாட்டியிடம் முழுமையாக எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். உள்ளே போனார். பழுப்புக் கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து டைனோசர்மேல் போர்த்திவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிப் போனார்.

ஆகவே, அடுத்து இக்களத்துக்குப் போகும் ஆய்வாளர்க்கு: தட்டும் குவளையும் உங்களுடையதே வேண்டும், மறக்காதீர்கள். இரட்டைக் கட்டில் அளவில் ஒரு போர்வை எடுத்துச் செல்லுங்கள். பழுப்பு உத்தமம், கரும்பச்சை மத்திமம். டைனோசர் செல்லாது.