ஊருக்கு ஒரு சங்கர்லால்

நானூறு வீடு உள்ள ஊரில் துப்புத் துலங்காத கேஸ் அரை டஜனாவது இருக்கும். புயல் வருஷத்தில் காணாமல்போன பித்தளை அண்டா, நிச்சயம் முடிந்த கல்யாணத்தை நிறுத்திய மொட்டைக் கடிதாசி, நடுராத்திரியில் எரிந்த வைக்கோல் போர், பிள்ளையார் கோயில் மணி. ஊர் இவற்றையெல்லாம் மறந்துவிட்ட மாதிரி காட்டிக்கொள்ளும். மறக்கவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார்.

அவர் போலீஸ்காரராக இருக்கமாட்டார். ஓய்வுபெற்ற ஏட்டு டீக்கடையில் அரசியல் பேசுவார், பழைய கேஸ் என்றால் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். நம்மவர் கிளைத் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ரிட்டையரானவர், இல்லையென்றால் கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைக்குக் கணக்கு எழுதியவர். ஊர் நூலகத்தில் தமிழ்வாணன், ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் எல்லாம் ஒரு சுற்று முடித்திருப்பார். கடைசிப் பக்கம் கிழிந்த நாவல்களுக்குக் குற்றவாளியைத் தானே முடிவுசெய்து பழகியவர். தமிழ்வாணன் கதைத் துப்பறிவாளர் சங்கர்லால் தேநீர் குடித்தால் துப்புத் துலங்கும். இவர் குடித்தால் டீக்கடைக் கடன் நோட்டில் ஒரு வரி கூடும்.

தொழில்போட்டியும் உண்டு. பொருள் தொலைந்தவர்கள் முதலில் மை போட்டுப் பார்ப்பவரிடம் போவார்கள். அப்புறம் சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் காசு வெட்டிப் போடுவார்கள், ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். அங்கே விசாரணை கிடையாது, நேரே தண்டனைதான். சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பா என்று இவருக்கு அம்மன்கள் மேலேயே மனத்தாங்கல். தென் மாவட்டங்களில் அந்தக் காலத்தில் களவுபோன மாட்டை மீட்டுத் தரத் துப்புக்கூலி வாங்கினார்கள். மாட்டை ஓட்டிப்போனவருக்கும் கூலி வாங்கியவருக்கும் பல சமயம் ஒரே சாப்பாடு. இவருக்குக் கூலியும் இல்லை, மாடும் இல்லை.

அண்டா கேஸையே எடுத்துக்கொள்ளலாம். இடுப்பளவு அண்டா. விளிம்பில் சொந்தக்காரர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், வயிற்றில் ஒரு ஒடுக்கு. எப்போது போனது? நாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்ட 1977 புயலுக்கு மறுவாரம் என்பார் ஒருவர். “இல்ல மாமா, எம்.ஜி.ஆர். செத்தப்ப. நான் மொட்டை போட்டுக்கிட்டு வந்தேன், அண்டாவக் காணோம்னு ஒரே சத்தம்” என்பார் இன்னொருவர். அது 1987. நடுவில் பத்து வருஷம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இவர் இரண்டையும் நோட்டில் எழுதி, இரண்டுக்கும் சிவப்பில் அடிக்கோடு போட்டுக்கொள்வார்.

அடுத்தது இடம். சாதாரணத் திருட்டு என்றால், 2024 வரை நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 379-ஆவது பிரிவு, அதிகபட்சம் 3 வருஷம் சிறை. அந்த அளவு தண்டனைக்குரிய குற்றத்தை 3 வருஷத்துக்குள் கோர்ட் விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்று அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468-ஆவது பிரிவு சொல்லிவிட்டது. குடியிருக்கும் வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் பிரிவு 380, தண்டனை 7 வருஷம் வரை, காலக்கெடுத் தொல்லை இல்லை. ஆக, அண்டா கொல்லையில் கிடந்தால் கேஸ் செத்தது, கூடத்தில் இருந்தால் உயிரோடு இருக்கிறது. அண்டாக்காரர் வீட்டு ஆச்சி, “திண்ணையிலதான்ப்பா கவுத்து வச்சிருந்தேன்” என்று தலையில் கல்லைப் போட்டார். திண்ணை வீட்டைச் சேர்ந்ததா, தெருவைச் சேர்ந்ததா? ஒரு ஐப்பசி, கார்த்திகை முழுக்க டீக்கடையில் இதே பேச்சு.

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. மனுவும் போட்டார். அண்டா சம்பந்தமாகப் புகார் எதுவும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. ஊரே சத்தம் போட்ட களவுக்கு ஒருவர்கூட ஸ்டேஷன் படி ஏறவில்லையா? அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆனால் அவர் மனசு ஸ்ரீபுரந்தானில் இருந்தது. அரியலூர் மாவட்டத்து அந்தக் கோயிலிலிருந்து 2006-இல் களவுபோன நடராஜரை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014-இல் திருப்பிக் கொடுத்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்துவைத்திருந்த பழைய புகைப்படங்கள் காட்டிக்கொடுத்ததில்தான் குட்டு உடைந்தது. நடராஜருக்கு ஒரு நிறுவனம் என்றால் அண்டாவுக்குக் கல்யாண ஆல்பம். வீடு வீடாக வாங்கிவந்து பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். மாப்பிள்ளை, பெண் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் பந்திக்குப் பின்னால், கோட்டை அடுப்புப் பக்கம்.

கிடைத்தது. ஒரு படத்தில் பெயர் வெட்டிய விளிம்பு சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, ஒடுக்கு மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது. கல்யாணம் அண்டாக்காரரின் சொந்த மகளுக்கு! ஆல்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

“பெரியப்பா, ஒங்க அண்டா ஒங்க வீட்டுக் கல்யாணத்துலயே நிக்கிது!”

பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். “தெரியும்டா. சம்பந்தி வீட்டுலேருந்து வந்துச்சு. பொண்ணு குடுத்த எடத்துல அண்டாவப் பத்திப் பேசுவாங்களா? நீயுந்தான் அந்தப் பந்தியில ரெண்டு டம்ளர் பாயசம் குடிச்ச. செரிச்சிருச்சில்ல, விடு.”

பட்டணத்துத் துப்பறிவாளருக்குச் சாட்சி சொல்ல ஆள் கிடைக்காது. இவருக்கு ஊரே சாட்சி, ஆனால் அத்தனை பேரும் குற்றவாளிக்கு மாமன், மச்சான், பங்காளி. இவர் பாடுபட்டுக் கண்டுபிடிப்பதை ஊர் முதல் வாரமே தெரிந்துகொண்டு, யார் வீட்டு நல்லது கெட்டதுக்கு யார் போய் நிற்க வேண்டும் என்ற கணக்கில் வரவு வைத்திருக்கும். இவர் ஆல்பம் கேட்டு வந்தபோது ஒருவரும் மறுக்காமல் எடுத்துக் கொடுத்ததும் அதே மரியாதையில்தான்.

அவர் சோர்ந்துவிடவில்லை. அண்டா ஃபைலைக் கட்டி வைத்துவிட்டு மொட்டைக் கடிதாசியைப் பிரித்தார். அதில் அவருக்கு ஒரு சௌகரியம், கடிதம் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கல்யாணம் நின்றதால்தான் நல்ல இடம் வாய்த்தது என்று பெண்ணே பெட்டியில் வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார். பேரன் எடுத்த பிறகும், எழுதின புண்ணியவானுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்க அவருக்கு ஆசை. எழுதியவர் ‘ழ’வின் வாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டிருக்கிறார்.

ஊரில் எல்லார் கையெழுத்தையும் எப்படி வாங்குவது? பஸ் ஊருக்குள் வர வேண்டும் என்று ஒரு மனு தயார் செய்தார். ஆளுக்கு ஒரு தாள், ‘எங்கள் ஊர் வாழ வழி செய்க’ என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு ‘ழ’. சரிபார்த்து முடித்த தாள்களை வீணாக்குவானேன் என்று திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

வால் சுற்றிய ‘ழ’ அகப்படவில்லை. டவுன் பஸ் வந்துவிட்டது. முதல் நாள் பஸ்ஸுக்கு மாலை போட அவரைத்தான் அழைத்தார்கள். போட்ட கையோடு, ‘வாழ்த்தி வரவேற்கிறோம்’ தட்டியை எழுதினது யார் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.