பழனியும் நிஷாந்தும்

கேள்வி: எங்கள் குறிஞ்சியாண்டவர் கோயிலில் நின்றால் கீழே பழனி தெரிகிறது, பள்ளிக்கூடங்களில் மட்டும் பழனி என்று ஒரு பிள்ளையும் கண்ணிற் படவில்லையே, ஏன்?
— ஓர் அன்பர், கொடைக்கானல்

பதில்: கனி கிட்டாமற் கோபித்து மலையேறிய குமாரனைப் 'பழம் நீ' என்று சமாதானப்படுத்தியதாற் பிறந்த நாமமென்று பௌராணிகர் சொல்ல, அகநானூறு கூறும் பொதினியே பழனியாயிற்றென்று புலவர் வாதிக்க, அவ்வழக்குத் தீருமட்டும் காத்திராமல், கொங்குநாட்டார் பழனிசாமியென்றும், தைப்பூசப் பாதயாத்திரை வரும் நகரத்தார் பழனியப்பனென்றும் பெயரிட்டு, பினாங்கு வரைக்கும் கப்பலேற்றினார்கள். இக்காலத்துப் பெற்றோரோ முடியிறக்க மட்டும் மலைக்கு வந்து, பெயருக்கு எண்கணித சாஸ்திரியிடம் போகிறார்கள். எடப்பாடி பழனிசாமி 2017-இல் முதலமைச்சரானதை எடுத்துக்காட்டினாலும் இசைவதில்லை. ஆகவே பழனிசாமி, நிஷாந்தின் முன்னே நிற்கும் 'பி' என்ற ஓரெழுத்தாகச் சுருங்கினார். பாட்டிக்கு இதனாற் பெருஞ்சௌகரியம்: கணவன் பெயரைச் சொல்லலாகாதென்று பேரனை வெறும் 'சாமி' என்றழைத்து ஒப்பேற்றியவள், இப்போது வாய்நிறைய 'நிசாந்து' என்கிறாள்.