ஊருக்குத் தெரியாத பணம்

விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொல்லி வச்சவன் பக்கவாதத்தைக் கண்ணால பார்த்ததில்லை போலிருக்கு மாப்ளே. எங்க அக்கா, அதான் உன்னைப் பெத்த மகராசி, ஆடியில படுத்தவ. மாசி பிறந்தாச்சு. இடது கையும் காலும் தூங்குது, வாய் மட்டும் முழிச்சிருக்கு. சாத்தூர்லேர்ந்து ராத்திரி பூரா ரயில்ல உக்காந்து வந்து நிக்கிறேன், ‘வாடா தம்பி’ன்னு ஒரு வார்த்தை இல்லை. ‘காராச்சேவு வாங்கிட்டு வந்தியா’ன்னு கேக்குறா. புத்தி தெளிவாத்தான் இருக்கு. இதை ஞாபகம் வச்சிக்கோ, பின்னாடி வேணும்.

ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டா நீ பைசா சுத்தமா ஒப்பிக்கிறே. கம்பெனி இன்சூரன்ஸ் கொடுத்தது இவ்வளவு, கையை விட்டுப் போனது இவ்வளவு, வளையலை வச்சு வாங்கினது இவ்வளவு. சரி, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த பிறகு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டேன். அண்ணாந்து ஃபேனைப் பாக்குறே. ஃபேனுக்கு என்னடா தெரியும்?

ஆஸ்பத்திரி பில்லு வரி வசூலுக்கு வந்த தாசில்தார் மாதிரி. தடபுடலா வரும், வாங்கிட்டுப் போயிரும், ஊரே வேடிக்கை பார்க்கும். ஆரஞ்சுப் பழத்தோட அத்தனை பேரும் வந்தாங்களே! அவங்க கொண்டாந்த ஹார்லிக்ஸை வித்தே ஒரு மாசம் டயப்பர் வாங்கியிருக்கலாம். டயப்பரோட எவனாவது வந்தானா? அந்தச் செலவை யாரும் பார்க்கிறதில்லை. டயப்பர், ஏர் பெட்டு, புண்ணு வராம தடவுற பவுடரு, ராத்திரி பூரா ஓடுற ஏசிக்கு கரண்டு பில்லு. இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ்காரன் பெரும்பாலும் கையை விரிச்சிருவான். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள், சில பாலிசியில 90 நாள், மருந்துக்கும் டெஸ்டுக்கும் தருவான். பில்லைக் காட்டணும். உன் பில்லெல்லாம் எங்கேன்னு கேட்டேன், மஞ்சப்பையைக் கொண்டாந்து கொட்டினே. பாதி மை அழிஞ்சு வெள்ளைக் காகிதமாக் கிடக்கு. அதை வச்சு ராக்கெட் விடலாம்.

இப்ப உனக்கு ஒரு ஞானோதயம் வந்திருக்காம். பொண்டாட்டி சம்பளம் 24,000. அம்மாவைப் பகல்ல பார்த்துக்க ஆள் போட்டா 18,000. மிச்சம் ஆறாயிரத்துக்கு எதுக்கு அவ பஸ்ஸுல இடிபடணும், பேசாம வேலையை விட்டுரட்டும்னு சொன்னியாம். அடேயப்பா, கழித்தல் கணக்குல உன்னை மிஞ்ச ஆளே கிடையாது. அவ என் மகங்கிறதாலே பேசுறேன்னு நினைக்காதே. நினைச்சாலும் தப்பில்லை, பெத்தவன் பேசாம எவன் பேசுவான்?

நான் மில்லுல நூல் சுத்தினவன். பிஎஃப் ஆபீஸ் வாசல்ல தேஞ்ச செருப்பு இன்னும் வீட்டுல கிடக்கு. அதனால சொல்லுறேன், கேளு. அந்தப் பள்ளிக்கூட ஆபீஸ்ல அவ சேர்ந்து ஒன்பது வருசம் ரெண்டு மாசம். பென்ஷனுக்குப் பத்து வருசம் சர்வீஸ் வேணும். கடைசியில ஆறு மாசத்தைத் தொட்டுட்டா அதை முழு வருசமா எடுத்துக்கிடுவாங்க. ஆக இன்னும் நாலே மாசம்! அதுக்குள்ள நிறுத்தப் பாக்குறே. பென்ஷன் கணக்குக்குச் சம்பளம் 15,000-னு வச்சு, பத்தால பெருக்கி, எழுபதால வகுத்துப் பாரு. மாசம் 2,142 ரூபா. என்ன மாமா பிச்சைக்காசுன்னு சிரிப்பே. 58 வயசிலேர்ந்து சாகுற வரைக்கும், அவ பேர்ல, உங்கிட்டக் கை நீட்டாம வர்ற காசு. எனக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் வருது. அந்த ஆயிரம் இல்லாட்டி இன்னிக்கு உனக்குக் காராச்சேவு ஏது?

அப்படியும் விட்டுத்தான் ஆகணும்னா, பென்ஷன் பங்கை மட்டும் உருவிராதே. ஸ்கீம் சர்டிபிகேட்டுனு ஒரு காகிதம் தருவாங்க, அதை வாங்கி வை. நாளைக்கு வேற இடத்துல சேர்ந்தா பழைய சர்வீஸ் கூடவே வரும். இதைச் சொல்ல ஆபீஸர் எவனும் வீடு தேடி வர மாட்டான்.

வீடு தேடி வர்றது ஒண்ணு இருக்கு, அதை நீங்க கூப்பிட மாட்டேங்கிறீங்க. மக்களைத் தேடி மருத்துவம். 2021-ல ஆரம்பிச்சாங்க. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில கிடக்கிறவங்களுக்கு பிசியோதெரபிக்கு ஆள் வரும். எங்க ஊருல வடக்குத்தெருக் கிழவிக்கு வந்து கையைக் காலை நீட்டி மடக்கி விடுறாங்க. நீயோ பிசியோவுக்குத் தடவைக்கு இவ்வளவுன்னு அள்ளிக் கொடுக்கிறே. கவர்மெண்டு ஆள் படியேறி வந்தா அபார்ட்மெண்டுக்கு அசிங்கமாக்கும்?

அடுத்தது பிஎஃப். இன்னும் நாலு வருசத்துல ரிட்டயர் ஆகப்போறவன், அதை எடுத்து அம்மா கடனை அடைக்கப் போறேன்னு சொன்னே. 8.25 சதவீதம் வட்டி போட்டாங்க 2024-25க்கு. எடுத்த பணத்தைத் திருப்பிப் போட உனக்கு இனிமே காலம் ஏது? மகன் தாய்க்குச் செய்யுறதைத் தப்புன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். ஆனா சாத்தூர்ல நாலுவழிச் சாலைக்குப் பக்கத்துல ரெண்டு ஏக்கர் கரிசல் கிடக்கே, அது யாருது? எங்கப்பன் அவளுக்குச் சீதனமாக் கொடுத்தது. அவ சொத்து. விக்கிறதுக்கு உங்க யார் கையெழுத்தும் வேண்டாம். அவளால ஆபீஸுக்கு வர முடியாதுன்னா, மனுப் போட்டு ஃபீஸ் கட்டினா சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு பண்ணுவார். புத்தி தெளிவா இருக்கணும், அவ்வளவுதான். காராச்சேவு கேட்டாளே!

அம்மா நிலத்தை வித்து அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தா ஊர் சிரிக்கும்னு சொல்லுறே. உன் பிஎஃப் கரைஞ்சா ஊர் சிரிக்காது, ஏன்னா ஊருக்குத் தெரியாது. என் மக பென்ஷன் போனாலும் தெரியாது. தெரியாத பணத்தை எல்லாம் தின்னு தீர்த்துட்டு, தெரியுற நிலத்தை மட்டும் பங்கு போட வச்சிருக்கீங்க. பங்கு நாலு பேருக்கு, படுக்கைக்குப் பக்கத்துல ஒரு ஆளு. நல்ல நியாயம்டா.

துபாய்த் தம்பி வீடியோவுல அம்மாவைப் பார்த்துக் கண்ணைத் துடைச்சானாம். கண்ணீருக்கு ரிசார்ஜ் ஒண்ணும் ஆகாது, துடைக்கட்டும். சின்னவன் செட்டில்மெண்ட் எழுதச் சொல்லி அடிபோடுறான்னு கேள்வி. எழுதட்டும். ஆனா ‘பார்த்துக்கிடணும்’கிற நிபந்தனையோட எழுதட்டும். 2007-ல வந்த மூத்த குடிமக்கள் சட்டத்துல 23-ம் பிரிவு இருக்கு. வாங்கிக்கிட்டுப் பார்க்காமப் போனா கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுத்து அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். இதைச் சொன்ன உடனே அவனுக்கு வேற ஒரு அவசர ஜோலி வரும் பாரு.

கடைசியா உன் சங்கதி. மாத்திரையை அலமாரியில ஒளிச்சு வச்சா சுகர் ஒளிஞ்சிருமா? அம்மாவைப் பார்க்கிறதுல டெஸ்டுக்குப் போக நேரமில்லைங்கிறே. கம்பெனி இன்சூரன்ஸ் நீ ரிட்டயர் ஆகுற அன்னைக்கு உன்னோட சேர்ந்து வாசல் தாண்டிரும். அப்புறம் 58-ல போய் பாலிசி கேட்டா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூணு வருசம் வரைக்கும் காத்திருன்னு சொல்லுவான். இப்ப 54-ல சொந்தமா ஒண்ணு எடுத்தா, நீ வீட்டுக்கு வர்றதுக்குள்ள அந்த மூணு வருசம் கழிஞ்சிரும். சுகரை மறைக்காம எழுது. தனிநபர் மருத்துவ பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியையும் 2025 செப்டம்பர் 22-லேர்ந்து எடுத்துட்டாங்க. நீ படுத்தா பார்க்க யாரு இருக்கா? வேலையை விட்டுட்டு உக்காந்திருக்கிற என் மகதானே?

வர்ற ஞாயித்துக்கிழமை உன் தம்பிமார், தங்கச்சி அத்தனை பேரையும் கூப்பிடு. துபாய்க்காரன் போனுக்குள்ளேயே இருக்கட்டும். அக்கா கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து அவ காதுபடப் பேசுங்க, முதல் வார்த்தையை அவ சொல்லட்டும். நான் நோட்டு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், விலை நாப்பது ரூபா. செலவுப் பக்கத்துல முதல் வரியா அதை எழுது, எனக்கு வந்து சேரணும்.