விடுதிக் காப்பாளரின் சாவிக்கொத்து: ஒரு தத்துவ விசாரணை

சர்வகலாசாலை மாணவர் விடுதியொன்றில் காப்பாளராகப் புதிதாக உத்தியோகம் ஏற்கும் ஒருவருக்கு, நியமன உத்தரவும் அதில் கண்ட சம்பளமும் உணர்த்தாத பதவியின் கனத்தை முதல் நாள் முற்பகலிலேயே உள்ளங்கையில் உணர்த்திவிடும் வஸ்து சாவிக்கொத்து ஒன்றே. அப்படியிருந்தும், அற்ப விஷயங்களுக்கெல்லாம் பாஷ்யம் எழுதிய நம் பண்டிதர்கள் இதனைப் பற்றி ஒரு வரியும் எழுதக் காணோம்.

இதன் சரித்திரம் மிகப் புராதனமானதன்று. 1857-இல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலை நெடுங்காலம் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதையே பிரதான காரியமாகக் கொண்டிருந்தமையால், மாணவன் எங்கே படுத்துறங்குகிறான் என்பது கல்லூரிகளின் கவலையாகவே இருந்தது. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்திலே உறைந்து கற்பதற்கென 1929-இல் அண்ணாமலைச் சர்வகலாசாலை சிதம்பரத்தில் எழுந்த காலத்தில், அது சர்வகலாசாலையின் கவலையும் ஆயிற்று. கவலை பிறந்தவிடத்தில் கதவும், கதவுள்ளவிடத்தில் பூட்டும், பூட்டுள்ளவிடத்தில் சாவியும் பிறப்பது இயற்கை.

கொத்திலுள்ளவற்றை ஆராயுமிடத்து, மளிகை ஸ்டோர், மோட்டார் அறை, டி.வி. அறை, விருந்தினர் அறை, மொட்டைமாடி ஆகியவற்றின் சாவிகள் முதலில் தென்படும். இவற்றுள் ஸ்டோர்ச் சாவியின் நகல் மெஸ் மாஸ்டரிடமும், மோட்டார் அறையின் நகல் வாட்ச்மேனிடமும், மொட்டைமாடியின் நகல் யாரிடம் என்று எவரும் சொல்லாத ஓரிடத்திலும் இருப்பதால், காப்பாளர் ஊரில் இல்லாவிடினும் விடுதி ஒரு குறையுமின்றி நடக்கும். மாணவர் அறைகளுக்கோ கொத்தில் சாவியே கிடையாது. பாயும் வாளியும் கொண்டுவருவது போலவே பூட்டையும் மாணவனே கடையில் வாங்கிவருவது நம் தேசத்து விடுதிகள் பலவற்றின் சம்பிரதாயமாதலின், எவர்களைக் காப்பதற்காகக் காப்பாளர் நியமிக்கப்பட்டாரோ அவர்களுடைய கதவைத் தவிர மற்றெல்லாக் கதவுகளையும் திறக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவ்வாறு வாங்கப்படும் பூட்டு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டாகவும் அமைந்துவிட்டால், உள்ளேயுள்ள நெம்புத் தகடு ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்கு எழும்பினாலன்றித் தாழ் நகராது. காப்பாளரின் குரல் எவ்வளவு உயர்ந்தாலும் பிரயோஜனமில்லை.

இனி, இவ்விசாரணையின் உயிர்நிலைக்கு வருவோம். எந்தப் பூட்டிலும் நுழையாத சாவிகள் நாலைந்து ஒவ்வொரு கொத்திலும் உண்டு. புதியவர் அவற்றிலொன்றைப் பிடித்து, இது எதற்கு என்று வினவினால், "அது கிடக்கட்டும் சார், அது கணக்குச் சாவி" என்று வாட்ச்மேன் விடையிறுப்பார். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சாவிகளின் எண்ணிக்கை மட்டுமே குறிக்கப்பட்டு, புதியவர் அதன்கீழ்க் கையெழுத்தும் இட்டிருப்பதனால், திறக்காத சாவியைத் தூர எறிந்தாரானால் தணிக்கையின்போது திறக்கும் சாவியைத் தொலைத்தவர் ஆகிவிடுவார்.

இவை தோன்றியது எவ்வாறு? இடிந்துபோன பழைய கட்டடத்தின் சாவிகள் என்பது ஒரு பூர்வபட்சம். நேற்றுக் கட்டிய விடுதியிலும் இவை காணப்படுதலின் அது பொருந்தாது. திருடனை மயக்குவதற்காக வேண்டுமென்றே கோத்தவை என்பது இன்னொன்று. விடுதிக்குள் வரும் திருடன் சாவியை எதிர்பார்த்து வருவதில்லையாதலின் அதுவும் தள்ளுபடியாகிறது.

நமது சித்தாந்தம் வருமாறு: புதிதாக வரும் காப்பாளர், முந்தியவரிடம் இன்னொரு சாவி இருக்கக்கூடும் என்ற நியாயமான ஐயத்தால், தம் குவார்ட்டர்ஸ் கதவுக்குச் சொந்தப் பணத்தில் புதுப்பூட்டு வாங்கி, அதன் இரு சாவிகளுள் ஒன்றைப் பூணூலிலோ பர்ஸிலோ வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கொத்தில் கோத்துவிடுகிறார்; மாற்றலாகும் நாளில், காசு கொடுத்து வாங்கிய பூட்டைக் கவனமாகக் கழற்றிப் பெட்டியில் வைப்பவர், கொத்திலுள்ள சாவியை மறந்துபோகிறார்; அடுத்தவர் வந்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டதும் அது சர்க்கார் சொத்தாகிறது.

ஆகவே, கல்வெட்டுக்களைக் கொண்டு அரசர் வரிசையை நிர்ணயிப்பார் போல, இச்சாவிகளை எண்ணி ஒரு விடுதியில் இருந்து சென்ற காப்பாளர்களின் தொகையைக் கணித்துவிடலாம். பூட்டோடு சாவியிரண்டையும் நினைவாகக் கொண்டுபோன கருமிகளும், கதவைப் பூட்டும் வழக்கமே அறியாத பிரம்மசாரிகளும் இக்கணக்கில் அகப்படார்.