கணக்கெடுக்கப் போன காலம்

தேர்வு முடிவு மாலைப் பத்திரிகையில் வெறும் பதிவெண்களாக வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், பேப்பர் வாங்கிய பெட்டிக்கடை வாசலிலேயே யாராவது ஒரு மாமா நின்றுகொண்டு, "அடுத்து எந்த குரூப்புப்பா?" என்று கேட்பார். கணக்கு, பௌதிகம், ரசாயனம் என்று சொன்ன பையனுக்குத் தோளில் ஒரு தட்டு கிடைக்கும். வரலாறு, பொருளாதாரம் என்று சொன்னவனுக்கு, "பரவால்ல, பி.எட். முடிச்சா வாத்தியார் வேலை இருக்குது" என்று ஆறுதல் கிடைக்கும். இன்று முடிவு செல்போனுக்கே வந்துவிடுகிறது, மாமாக்கள் வாட்ஸப்பில் விசாரிக்கிறார்கள், பெட்டிக்கடை இருந்த இடத்தில் ஏ.டி.எம். இருக்கிறது. ஆனால் தட்டு யாருக்கு, ஆறுதல் யாருக்கு என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் தெருவிலும் அப்படி ஒரு மாமா இருந்திருப்பார்.

நான் ஆறுதல் பெற்றவர்கள் கூட்டத்தைச் சேர்ந்தவன். பி.யு.சி. என்ற ஓராண்டுப் படிப்பு போய் 1978-இல் பிளஸ் டூ வந்தது. அதே ஆண்டில் 1794-இலிருந்து வேர்விட்டிருந்த கிண்டிப் பொறியியல் கல்லூரியும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகமாயின. 1984-க்குப் பிறகு சுயநிதிக் கல்லூரிகள் முளைத்தன. எங்கள் ஊர்ப் பையன்கள், முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள், பொறியாளர்களாகி வீட்டுக்கு ஓட்டுக்கூரை போட்டார்கள், தங்கைகளைப் படிக்க வைத்தார்கள். அதைப் பார்த்து மகிழ்ந்தவன் நான். எனக்கு அவர்களிடம் எந்தப் பிணக்கும் கிடையாது. அவர்கள் செய்து தரும் பொருள் ஊருக்குள் வந்து என்ன செய்கிறது என்று கேட்கும் ஆள் குறைந்துகொண்டே போகிறதே என்பதுதான் என் கவலை.

அப்படிக் கேட்பது நம் ஊரில் ஒரு பழைய வழக்கம். ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக வந்தார். பாடப்புத்தகத்தில் இருந்த சீமைப் பொருளாதாரம் இங்குள்ள பையன்களுக்கு எந்த அளவுக்கு உதவும் என்று யோசித்தவர், விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, என்ன கடன் என்று கேட்டு எழுதிவரச் சொன்னார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி என்று அப்படி எழுதிவந்த ஊர்கள் 1918-இல் புத்தகமாயின. அதோடு நிற்கவில்லை. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்ப ஆள் அனுப்பினார்கள். பிறகும் சிலர் போனார்கள். ஒரே ஊரின் வாசலில் தலைமுறைக்கு ஒருமுறை போய் நின்று, "இப்போ எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு எழுதிவைத்திருக்கிறோம். ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சேர்த்து வைக்கக்கூடிய சொத்துகளில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

எங்கள் பேராசிரியர் இந்தக் கதையை வகுப்பில் சொன்ன வேகத்திலேயே எங்களையும் கிளப்பிவிட்டார். எண்பதுகளின் தொடக்கம். வேலூரும் திருவண்ணாமலையும் சேர்ந்து வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்த காலம். துறை அலுவலகத்தில் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் உருளையைக் கையால் சுற்றிச் சுற்றி எடுத்த கேள்வித்தாள்கள், மை காயாத வாசனையோடு, முதல் பக்கம் அழுத்தமாகவும் கடைசிப் பக்கம் மங்கலாகவும் கைக்கு வரும். டவுன் பஸ்ஸில் இறங்கி, ஏரிக்கரை வழியே நடந்து, திண்ணையில் உட்கார்ந்தால் முதலில் ஒரு சொம்பு மோர் வரும். அதைக் குடித்து முடிக்கும்வரை நாங்கள்தான் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை, கல்யாணம் ஆயிடுச்சா. அப்புறம்தான் நிலத்தின் பேச்சு. அவர்கள் காணியிலும் குழியிலும் சொல்வார்கள், நாங்கள் ஏக்கராக மாற்றுவோம். கூலியைப் படிக்கணக்கில் சொல்வார்கள், நாங்கள் ரூபாயாக மாற்றுவோம். இரவில் பள்ளிக்கூட வராந்தாவில், பாய் விரித்து, அரிக்கேன் விளக்கடியில் நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுத்து எண்ணிக்கொண்டே போவோம். தாளில் அந்தக் கோடுகள் பெருகப் பெருக, ஒரு ஊர் தன் முகத்தைக் காட்டத் தொடங்கும்போது எங்களுக்கு ஏற்பட்ட பரபரப்பை இன்றுவரை வேறெதிலும் நான் கண்டதில்லை. இருபது வயதில் உலகத்தையே திருத்திவிடப் போகிறோம் என்று நம்பினோம். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் புன்னகை வருகிறது. அதை இழக்க மனமும் இல்லை.

ஒரு சாயங்காலம், நடவு முடிந்து சேற்றுக்காலோடு வந்த ஒரு பாட்டியிடம், மின்சார மோட்டார் வந்ததால் உங்களுக்கு நன்மையா என்று கேட்டேன். கேள்வித்தாளில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அவர் வாசல் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மோட்டாரு வந்து எம் புருசனுக்கு ஏத்தம் இறைக்கிற வேல போச்சு தம்பி. தண்ணி நெறைய வந்துச்சா, ரெண்டு போகமாச்சு. எனக்கு நடவு வேல கூடிப்போச்சு. அந்தாளு திண்ணையில, நானு சேத்துல. இதுல எதைன்னு நீ எழுதிக்குவ?" இரண்டு கட்டத்திலும் டிக் போட முடியாமல் தாளின் ஓரத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். பேராசிரியர் அந்த ஓரத்தை மட்டும் உரக்கப் படித்துக் காட்டினார். அடுத்த ஊருக்குப் போகும்போது ஆண்கள் வேலை நாட்களும் பெண்கள் வேலை நாட்களும் தனித்தனிக் கேள்விகளாயின.

மோட்டாரைச் செய்தவர் குற்றவாளி என்று அந்தப் பாட்டி சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். 1966-இல் ஐ.ஆர். எட்டு நெல் வந்தபோது எங்கள் வீட்டில் சோறு மொத்தமாக இருக்கிறதென்று முணுமுணுத்தார்கள். கிச்சிலி சம்பாவின் ருசிக்கு ஏங்கினார்கள். பயிர் குட்டை, வைக்கோலும் குட்டை, மாட்டுக்கும் போதவில்லை, கூரைக்கும் போதவில்லை என்றார்கள். ஆனால் வயிறு நிறைந்தது. அந்த நெல் யாருக்கு என்ன செய்தது என்று பார்க்கத்தான் 1973-74-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆர்க்காட்டுக் கிராமங்களுக்கு வந்தன. இலங்கையிலும் நெல் விளையும் பகுதியைப் பார்த்தார்கள். 1977-இல் வந்த புத்தகத்தின் தலைப்பிலேயே பசுமைப் புரட்சிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எதிர்பார்த்த பலன் பரவலாக வரவில்லை என்பது அவர்கள் கண்டது. முதல் ஆய்வுக்குப் பத்தாண்டு கழித்து, அனைத்துலக உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஹேசலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. இராமசாமியும் அதே கிராமங்களுக்குப் போனார்கள். சிறு விவசாயிகளும் நிலமில்லாத கூலிக்காரர்களும் முன்பு அஞ்சியதைவிட நன்றாகவே மேலே வந்திருந்தார்கள். அதை ஒளிக்காமல் எழுதினார்கள். நெல்லைக் கண்டுபிடித்தவர்கள் தாங்களாகவே இதைச் சொல்லியிருந்தால் விளம்பரம் என்று ஒதுக்கியிருப்போம். வீடு வீடாகப் போய்க் கேட்டவர்கள் சொன்னதால் நம்ப முடிந்தது.

அதே மோட்டாரின் அடுத்த அத்தியாயம் அவ்வளவு இனிப்பாக இல்லை. 1984-இல் சிறு விவசாயிகளின் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாயிற்று, சில ஆண்டுகளில் எல்லா விவசாயிகளுக்கும். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரிகள் ஊர் ஊராக வந்தன. நாங்கள் குதித்து நீச்சல் பழகிய வட்டக்கிணறு ஒவ்வொன்றாக வற்றியது. வசதி உள்ளவர் இன்னும் ஆழம் போனார். வசதி இல்லாதவர் கடன் வாங்கிப் போர் போட்டு, அதிலும் புகைதான் வந்தது என்று கைபிசைந்து நின்றார். நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்பதை நிலவியல் சொல்லும். பக்கத்துக் காட்டுக்காரர் ஆழமாகப் போனதால் என் கிணறு வற்றினால் நான் யாரிடம் போய்க் கேட்பது என்பதை அது சொல்லாது. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார், எந்த மடைக்கு எத்தனை நேரம் என்று முறை இருந்தது. நிலத்தடி நீருக்கு அப்படி ஒரு ஆளும் வரவில்லை, முறையும் வரவில்லை. அந்த வெற்றிடத்தைக் கண்டு சொல்ல வேண்டியவர்கள் பொருளாதாரம், சமூகவியல், சட்டம் படித்தவர்கள்; அவர்களைத்தான் நாம் ஆறுதல் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

கருவிலிருக்கும் குழந்தை நலமா என்று பார்க்க வந்த ஸ்கேன் கருவி, சேலம், தருமபுரிப் பக்கங்களில் என்ன வேலைக்குப் போனது என்பதும் நமக்குத் தெரியும். மக்கள்தொகைக் கணக்கில் ஆறு வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பார்த்து யாரோ நெஞ்சு பதறியதாலும் ஊருக்குள் பேச்சு எழுந்தது. 1992-இல் பெண் சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டமும், 1994-இல் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டமும் வந்தன. எண்ணிப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகள் இல்லாமல் போனதே தெரிந்திருக்காது.

இப்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறேன். காலையில் இடம் பிடிக்க வரும் இளைஞர்களில் பலர் பொறியியல் பட்டதாரிகள். குரூப் ஒன்றுக்கும் சிவில் சர்வீஸுக்கும் தயாராகிறார்கள். மேசை நிறைய வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம், புவியியல். பதினாறு வயதில் வேண்டாம் என்று விலக்கச் சொன்ன பாடங்களை இருபத்தைந்தில், அடிக்கோடு போட்டு, மனப்பாடமாக. ஒரு தாலுகாவை நடத்த இந்த அறிவு வேண்டும் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. அதைத் தேர்வுக்கு மூன்று மாதம் முன்னால் குறிப்பாகப் படித்தால் போதும் என்று நினைப்பதுதான் எனக்கு வருத்தம். திண்ணை மோர் குறிப்பில் வராது.

அக்கா மகன் ஒருவன், எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், செல்போனிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர் செய்யும் தொழிலில் இருக்கிறான். அருமையான பொருள். மூன்று முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பாம்புக்கும் பள்ளத்துக்கும் பயந்து வரப்பில் நடந்த எங்கள் அப்பா காலத்தில் இது வந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்! அதைச் சொல்லிப் பாராட்டிவிட்டு, இதை வாங்கிய வீடுகளில் தண்ணீர் முன்னைவிடக் கூடுதலாக ஓடுகிறதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "டேட்டா இருக்கு மாமா, எடுத்துப் பாக்கல" என்றான். அடுத்த வாரமே டேப்லெட்டோடு வந்து உட்கார்ந்தான். நாங்கள் மூன்று இரவு எண்ணியதை அது மூன்று நொடியில் கூட்டித் தருகிறது, பொறாமையாகத்தான் இருந்தது. இருவரும் சேர்ந்து கேள்விகளை எழுதினோம். முன்பு இரவில் மோட்டார் போடப் போனது வீட்டுக்காரரா, பண்ணையாளா, மனைவியா? அந்த ஆளுக்கு இப்போது வேலை என்ன? நிறுத்த மறந்துபோகும் நாட்கள் உண்டா? போருக்கு வாங்கிய கடன் யார் பேரில் இருக்கிறது?

"இதெல்லாம் ஓனர்கிட்டதானே மாமா கேக்கணும்?" என்றான்.

அவரிடமும் கேட்கலாம், முதலில் வீட்டுப் பெண்ணிடம் கேள், அப்புறம் போர் இல்லாத பக்கத்துக் காட்டுக்காரரிடம் போ என்றேன். அது வாடிக்கையாளர் பட்டியலில் வராத ஆள் ஆயிற்றே, முகவரிக்கு எங்கே போவது என்று அவன் வாதாட, ஊருக்குள் இறங்கி நடந்தால் தெரியும் என்று நான் சொல்ல, இன்னும் அது முடிவாகவில்லை. நவரை நடவு முடிந்ததும் போவதாக இருக்கிறோம். அறுவடை நேரத்தில் போனால் யாரும் பேச உட்கார மாட்டார்கள்.