இரட்டைக் கார்புரேட்டர் இசைவாக்கம்: திருமுக்கூடல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இன்ஜினில் ஒரு கார்புரேட்டர் மக்கர் செய்தால் அது பழுது. இரண்டு இருந்து மக்கர் செய்தால் அது வழக்கு. இவ்வழக்கில் இரு தரப்பும் நேர்மையாக நடக்க வேண்டியதில்லை. ஒரே அளவு அநியாயம் செய்தால் போதும், வண்டி ஓடும். ஒரு தரப்பு மட்டும் நேர்மையாக இருந்தால் ஓடாது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருமிடம் திருமுக்கூடல்; எதிர்க்கரையில் பழைய சீவரம். கார்புரேட்டருக்கும் இவ்வூருக்கும் என்ன தொடர்பு என்று நெறியாளர் கேட்கக்கூடும். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிளின் ஆக்சிலரேட்டர் கேபிள் கைப்பிடியிலிருந்து ஒன்றாகக் கிளம்பி, வழியில் மூன்றாகப் பிரிகிறது. இடது கார்புரேட்டருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, ஆயில் பம்புக்கு ஒன்று. மூன்று ஒன்றாகும் ஊரில் அமர்ந்து, ஒன்று மூன்றாவதை ஆராய்வதுதானே முறை? இதைவிட நைந்த காரணங்களுக்கெல்லாம் முனைவர் பட்டம் வழங்கப்பட்டிருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும் பரிசீலிக்கப்பட்டது. அங்கே அளக்கும் கருவிகள் இருக்கின்றன. கருவி இருக்கும் இடத்தில் கருத்து வேறுபாடு குறைந்துவிடும் என்பதால் அக்களம் கைவிடப்பட்டது.

ஆய்வுப் பொருள்

யமஹா ஆர்டி 350 வண்டியை உரிமம் பெற்று எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் இந்தியச் சாலையில் இறக்கியது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பானில் 39 குதிரைத்திறன் இருந்தது, இங்கே மைலேஜைக் கருதி முதலில் 30.5 ஆகவும் பிறகு 27 ஆகவும் சுருங்கியது. முன்னதை ‘ஹை டார்க்’ என்றும் பின்னதை ‘லோ டார்க்’ என்றும் இன்றுவரை சாதிபோலச் சொல்லிக்கொள்கிறார்கள். குதிரைகளைக் குறைத்தும் மைலேஜ் வரவில்லை. 1980களோடு கதை ஏறக்குறைய முடிந்தது. வண்டிகள்தாம் முடியவில்லை, கிடைத்த ஒன்றிரண்டைப் பிள்ளைபோல வளர்ப்பவர்கள் இன்னும் உண்டு.

முன்னாய்வுகள்

அ) அமெரிக்க மரபு: கால் மைல் பந்தயக்காரர்கள் ‘டனல் ராம்’ என்றொரு மேனிஃபோல்டைப் போற்றுகிறார்கள். வி8 இன்ஜினின் தலைமேல் ஒரு பெட்டி. பெட்டியின்மேல் நான்கு தொண்டையுள்ள கார்புரேட்டர் இரண்டு. பெட்டியிலிருந்து சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் நேரான நீண்ட குழாய். இன்ஜின் உச்சத்தில் சுற்றும்போது பாய்ந்துவரும் காற்று சிலிண்டரைத் ததும்ப நிரப்பும். சிக்னலில் நிற்கும்போதோ காற்று சோம்பிவிடும். பெட்ரோல் துளிகள் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். ஆகவே ஐடிலிங்கில் கொஞ்சம் தாராளமாக ஊற்றியாக வேண்டும். கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டு கார்புரேட்டரும் ஒரே பெட்டிக்குள் ஊற்றுவதால், கூட்டியவர் யார், குறைத்தவர் யார் என்பது எளிதில் வெளியே தெரியாது. ராஜ்தூத்தில் ஆளுக்கொரு சிலிண்டர். குற்றவாளி உடனே அகப்படுவான்.

ஆ) சோழ மரபு: திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலிலுள்ள வீரராசேந்திர சோழன் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் இங்கே ‘வீரசோழன்’ என்ற பெயரில் 15 கட்டில்கள் கொண்ட மருத்துவமனை இயங்கியதைச் சொல்கிறது. நோய் பார்க்கும் மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை, அதாவது அறுவை, செய்பவருக்கு 30 கலம். கண்டுபிடிப்பவருக்கு மூன்று பங்கு, கத்தி எடுப்பவருக்கு ஒரு பங்கு. அரை மணி நேரம் சும்மா நின்று கேட்டுவிட்டு, ஸ்குரூவைக் கால் சுற்றுத் திருகி, முழுக் கூலி வாங்கும் மெக்கானிக்குக்கு இதைவிட உறுதியான கல்வெட்டுச் சான்று கிடையாது. கையிருப்பிலிருந்த மருந்துகளையும் அக்கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. கார்புரேட்டர் கிளீனர் அதில் இல்லை. கல் தச்சரின் விடுபாடு எனக் கொள்க.

ஆய்வு நெறிகள்

இசைவாக்கத்தில் நான்கு நெறியினர் உளர்.

செவி நெறியார்: இன்ஜினை நிறுத்திவிட்டு ஆக்சிலரேட்டரைத் திருகிச் சட்டென விடுவர். கார்புரேட்டருக்குள் இரண்டு ஸ்லைடும் விழும் ஓசை ‘டக்’ என்று ஒன்றாகக் கேட்டால் சரி. ‘டடக்’ என்று கேட்டால் ஒரு கேபிள் தளர்ந்திருக்கிறது.

கை நெறியார்: ஓடும் வண்டியின் இரு சைலன்சர் வாயிலும் உள்ளங்கைகளை நீட்டுவர். இரு பக்கமும் ஒரே அடியாக அடிக்க வேண்டும். இந்நெறியினரை உள்ளங்கைக் கரியைக் கொண்டு அடையாளம் காணலாம்.

கண் நெறியார்: பிளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பர். காபிப் பொடி நிறம் எனில் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். எந்தக் கடைக் காபிப் பொடி என்பதில் இந்நெறிக்குள் உட்பிரிவுகள் உண்டு.

வேடிக்கை நெறியார்: இவர்கள் டீக்கடையிலிருந்து வருவர். வண்டியைத் தொடமாட்டார்கள். எந்தக் கோளாறுக்கும் “ஜெட் அடைச்சிருக்கும் சார், ஊதி விடச் சொல்லு” என்ற ஒரே தீர்ப்பு. நீண்ட நாள் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி, பைலட் ஜெட்டின் ஊசித் துளையை அடைப்பது அன்றாடம் நடப்பது. எனவே இவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. ஆய்வுலகத்துக்கு இது பெருத்த அவமானம்.

செய்முறை

முதலில் ஜெட்டுகளைக் கழற்றி ஊத வேண்டும் (வேடிக்கை நெறியாருக்கு நன்றி). மிதவையின் மட்டம் இரு பக்கமும் ஒன்றா எனப் பார்க்க வேண்டும். ஏர் ஸ்குரூவை மெல்ல முழுதும் மூடி, பின் ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்க வேண்டும். உள்ளே போனால் காற்று குறைந்து கலவை ‘ரிச்’. வெளியே வந்தால் ‘லீன்’. அடுத்து ஸ்லைடுகள் ஒரே நேரத்தில் எழும்படி கேபிள்களைச் சமன் செய்து, ஒரு பிளக்கின் தொப்பியைக் கழற்றி மறு சிலிண்டரை மட்டும் ஓடவிட்டு, ஐடிலிங்கைப் பக்கம் பக்கமாக ஒப்பிட வேண்டும். கடைசியாக ஆயில் பம்பின் குறியைப் பொருத்த வேண்டும். மூன்றாவது கேபிளை மறந்தவர்கள் பிறகு பிஸ்டன் வாங்க அலைவதைக் காணலாம்.

கண்டறிந்தவை

1. சம அநியாயக் கோட்பாடு: இரு ஸ்குரூவும் ஒன்றேகால் சுற்றில் இருந்தால் வண்டி குறை சொல்லாது. ஒன்று சரியான ஒன்றரையிலும் மற்றது ஒன்றேகாலிலும் இருந்தால் ஐடிலிங்கில் நொண்டும். இன்ஜினுக்கு உண்மையைவிட ஒற்றுமையே முக்கியம்.

2. திருத்தம்: அநியாயம் எப்போதும் பெட்ரோல் பக்கமே சாய்ந்திருக்க வேண்டும். காற்றுப் பக்கம் சாய்ந்தால் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சமமாகச் சாய்ந்திருந்தால் சமமாகவே பிடித்துக்கொள்ளும். அப்போது கோட்பாடு மட்டும் மிஞ்சும்.

3. காலம்: 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 மாசு விதி வந்ததும் பெரும்பாலான புதிய இரு சக்கர வண்டிகளில் ஊசிவழி எரிபொருள் முறை நிலைபெற்றது. சென்சார் கணக்குப் பார்த்துக் கணினி ஊற்றுகிறது. அக்கணினியிடம் வேடிக்கை நெறியார் பேசிப் பார்த்தும் பலனில்லை.

பரிந்துரைகள்

இசைவு கெடுவதற்கான முதற்காரணம் கேபிள் நீட்சியோ ஜெட் அடைப்போ அன்று. பழைய சீவரம் போகும் பாலத்தைத் தாண்டுவதற்குள் உரிமையாளர் வண்டியை ஓரங்கட்டி, மைலேஜ் கூடட்டும் என்று கைக்கு எட்டிய பக்கத்து ஏர் ஸ்குரூவை மட்டும் கால் சுற்று வெளியே எடுக்கிறார். எட்டாத பக்கம் அப்படியே இருக்கிறது. ஆகவே ராஜ்தூத் 350 வண்டியின் பதிவுச் சான்றைப் பெயர் மாற்றித் தரும்போதே, டூல் பாக்ஸிலுள்ள திருப்புளியைப் பறிமுதல் செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கலாம். வட்டார மெக்கானிக்குகள் இப்பரிந்துரையை ஒருமனதாக எதிர்ப்பார்கள். அவர்களுடைய மாத வருமானம் அந்தக் கால் சுற்றில்தான் இருக்கிறது.